குடையும் கரகமும் கோலும்



பத்தாண்டு நிறைவு காணும் இந்நாளில் பாலைத்திணை குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். ஏட்டில் கற்றதோடு, ஒரு கோடைப் பகல் முழுவதும் காட்டுவழியே நடந்து கற்றதையும் உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

பாலை என்றவுடன் நம் மாணவர் மனத்தில் எழுவது மணற்பரப்பு. சிலர் விடைத்தாளில் ஒட்டகத்தையும் நடக்க விட்டுவிடுவர். தொல்காப்பியர் பாலைக்கு நண்பகலையும் வேனிலையும் பொழுதாகக் கூறினாரேயன்றித் தனி நிலம் கூறவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் தம் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவமே பாலை என இளங்கோவடிகள் காடுகாண் காதையில் தெளிவுபடுத்துகின்றார். ஆகவே பாலை மரமற்ற நிலம் அன்று. ஓமையும் யாவும் இருப்பையும் நெல்லியும் நிற்கும் காடு அது. குறுந்தொகை 37ஆம் பாடலில் பாலை பாடிய பெருங்கடுங்கோ காட்டும் களிறு, யா மரத்தின் பட்டையை உரித்துத் தன் பிடியின் பசி தீர்க்கின்றது. மரம் இல்லையேல் அப்பாட்டும் இல்லை.

தோவாளையில் வாழும் நமக்கு இதனை விளக்க உரைநூல் வேண்டுவதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து கிழக்கே சென்றால் முட்புதரும் காய்ந்த சரிவும். மேற்கே கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் திரும்பினால் வெயில் புகாத அடர்காடு. ஒரே மலைத்தொடர், திணை மட்டும் வேறு.

இவ்வளவும் அறிந்திருந்தும், நான் காட்டில் நடந்தவள் அல்லேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், நடைப்பயணம் மேற்கொண்ட இளைஞர் காட்டுத்தீயில் சிக்கினர். 23 உயிர்கள் பிரிந்தன. அவர்களுள் பெண்கள் பலர். அன்று என் மகள் பள்ளி மாணவி. தானும் ஒருநாள் மலைவழி நடக்க வேண்டும் என்று அவள் சொல்லிவந்த காலம் அது. 'வேண்டாம்' என்றேன். ஏழாண்டுகள் அச்சொல்லை நான் மாற்றவில்லை.

2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்னும் திட்டத்தில் 40 மலைவழிகளை முறைப்படுத்தித் திறந்தது. அவற்றுள் ஒன்று நம் மாவட்டத்துக் காளிகேசம்–பாலமோர் வழி. மகள் மீண்டும் கேட்டாள். நான் தயங்கியபோது அவள் சொன்னாள்: "அம்மா, உடன்போக்குப் பாட்டை வகுப்பில் எவ்வளவு உருகிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்! அந்தப் பெண்ணும் காட்டில் நடந்தவள்தானே?" விடை கூற இயலாத நான், உடன் வருவதாகக் கூறினேன்.

காட்டுத்தீக் காலம் கழிந்து, மழை ஒன்றிரண்டு பெய்தபின் புறப்பட்டோம். காளிகேசத்து ஆற்றங்கரையில் வழிகாட்டியாக வந்த இளைஞர் எங்களை நிறுத்திச் சோதித்தார். தலைக்குத் தொப்பி உண்டா, தண்ணீர் போதுமா, ஊன்றுகோல் இருக்கிறதா? "தண்ணியை மொத்தமா குடிக்காதீங்கம்மா, வாயை நனைச்சு மெள்ள இறக்குங்க" என்றார்.

முற்பகலில் காடு குளிர்ந்திருந்தது. ஏற்றம் கூடக் கூடப் பேச்சுக் குறைந்தது. நண்பகலில் மரக்கூரை விலகிய ஒரு சரிவுக்கு வந்தோம். இடுப்பளவு புல், காய்ந்து பொன்னிறமாய் நின்றது. சில்வண்டின் ஒலியும் அங்கே அடங்கிவிட்டது. காய்ந்த புல்லின் மணம் மூக்கில் ஏறியதும் குரங்கணி நினைவுக்கு வந்தது, கால்கள் நின்றுவிட்டன. இங்கே உட்கார வேண்டாம், விரைந்து கடந்துவிடுவோம் என்றார் வழிகாட்டி. மகள் முன்னே சென்றுவிட்டாள். அவளுடைய அடிகளையே பார்த்து நடந்தேன். சரிவின் முடிவில், மரநிழலில் அவள் எனக்காகக் காத்திருந்தாள். உப்பில் ஊறிய நெல்லிக்காய் ஒன்றைத் தந்து, பின்பு தண்ணீர் தந்தாள். அந்த நீரின் இனிமையை நான் இருபதாண்டு காலம் பாடமாக மட்டுமே சொல்லியிருக்கிறேன்.

அந்த நிழலில்தான் கலித்தொகையின் 9ஆம் பாடல் எனக்கு விளங்கியது. தலைவனுடன் சென்றுவிட்ட மகளைத் தேடிச் செவிலி காட்டுவழியே போகின்றாள். எதிரே அந்தணர் வருகின்றனர். மலையில் பிறந்த சந்தனம் பூசுவோர்க்கன்றி மலைக்குப் பயன்படுமா என்று கேட்டு அவளைத் தேற்றுகின்றனர். இவ்வுவமைகளையே நாம் வியந்து வந்தோம். அவ்வந்தணர் ஏந்தி வந்தவற்றை நான் எண்ணிப் பார்த்ததில்லை. வெயிலுக்குக் குடை, உறியில் தொங்கும் நீர்க்கரகம், தோளில் முக்கோல். துறவின் அடையாளங்கள் என்றே கற்பித்தேன். ஆற்றங்கரையில் அவ்விளைஞர் கேட்டவையும் இம்மூன்றுதாமே!

மற்றொன்றும் விளங்கியது. தேடிப்போன செவிலியும் அதே வெயிலில், அதே காட்டில் நடந்தவள். அவள் கையில் குடையும் இல்லை, கரகமும் இல்லை. மகளின் மெல்லடிக்காக இரங்கும் செவிலியரை நாம் அறிவோம். செவிலியின் அடிகளுக்காக இரங்கிய உரையாசிரியர் எவரையும் நான் கண்டதில்லை. அச்சம் வீட்டு வாயிலில் நின்றுகொண்டிருந்தால் வேண்டாம் என்று மட்டுமே சொல்லும். உடன் நடக்கத் தொடங்கினால்தான் எது தேவை என்று கேட்கும்.

நம் முன்னோர் வேனிலை எளிதாக எண்ணியவர் அல்லர். கண்ணகி வெம்மை தாங்காள் என்பதால் பகல் நடையை விடுத்து இரவில் நடக்கலாம் எனக் கோவலன் கவுந்தியடிகளிடம் கூறுவதைப் புறஞ்சேரி இறுத்த காதை சொல்கின்றது. காலம் அறிந்து நடப்பது கோழைத்தனம் அன்று. தீக்காலத்தில் காட்டுவழியை அடைத்து வைப்பதும் அவ்வறிவின் தொடர்ச்சியே.

கவிஞர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. பிரிவைப் பாட மணலைத் தேட வேண்டா. நம் மலையிலேயே பாலை இருக்கிறது; உரிய காலத்தில், உரிய இசைவோடு, ஒரு பகல் நடந்து பாருங்கள். கால் அறிந்த சொல் பாட்டில் வேறாக ஒலிக்கும்.

என் மகள் அடுத்த மலைவழியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். இம்முறை என் முழங்கால் இசையுமா என்பது ஐயமே. ஆயினும் வேண்டாம் என்று சொல்லேன். குடை உண்டா, கரகம் உண்டா, கோல் உண்டா என்று மட்டும் கேட்பேன்.