ராத்திரி மழை, பகல் வெயில்



ஐப்பசி மாதத்து ஞாயிறு திருப்பலியில், நம் சிவகாசிப் பக்கத்துக் கோயில்களில் ஒரு வேடிக்கை நடக்கும். அடுத்தடுத்து முழந்தாள்படியிட்டிருப்போம். "ஆண்டவரே, மானாவாரியில் விதைத்தாயிற்று, நல்ல மழையைத் தாரும்" என்று ஒருவர் கேட்போம். "ஆண்டவரே, தீபாவளி வரைக்கும் இந்த மழையைக் கொஞ்சம் பிடித்து வையும்" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்போம். பூசை முடிந்து வெளியே வந்ததும் இரண்டு பேரும் வானத்தைத்தான் பார்ப்போம்.

சில நேரம் அந்த இருவரும் ஒரே வீடு. மாமியாருக்குக் காட்டு வேலை, மருமகளுக்குப் பட்டாசு வேலை. மழை கொட்டினால் ஒரு முகம் மலரும், ஒரு முகம் வாடும். பட்டாசுக்கு வெயில்தான் அடுப்பு. செய்த சரக்கை மேடையில் பரப்பிக் காயவைக்க வேண்டும். மருந்தில் ஈரம் ஏறினால் சரக்கு கெடுவது மட்டுமல்ல, சில கலவைகள் தானே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். இடி மின்னல் என்றால் வேலையை நிறுத்த வேண்டும். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவருக்கு அன்றைய எண்ணிக்கை அதோடு நின்றுவிடும். மருமகள் கேட்பதும் சோறுதான், மாமியார் கேட்பதும் சோறுதான். ஆண்டவர் பாடுதான் திண்டாட்டம்!

விருதுநகர் சந்தைக்கு வற்றல் கொண்டு வருகிறவர் இன்னும் ஒரு படி மேல். ஐப்பசியில் மழை கேட்டு மன்றாடியவரே, பங்குனியில் களத்தில் மிளகாயைப் பரப்பிவிட்டு, ஒரு கருமேகம் தலைகாட்டினால், "இப்ப எதுக்குச் சாமி?" என்கிறார். ஆறு மாதத்துக்குள் கட்சி மாறிவிடுகிறார்.

இந்த மண்ணே அப்படித்தான். மழை இல்லையே என்று அழுத ஊரிலிருந்து, 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பிறகு பட்டாசு வந்தது, அச்சகம் வந்தது. எந்த வறட்சியை நினைத்து அழுதோமோ, அதுவே மூலதனமாகிவிட்டது. நாட்டுக்கெல்லாம் தீப்பெட்டி அனுப்பும் ஊரில், பட்டாசு ஆலைக்குள் நுழைகிறவர் மடியில் ஒரு தீப்பெட்டி இருக்கக் கூடாது. ஆடிப்பெருக்கன்றே அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டுவிடுவார்கள். வரப்போகிற ஆண்டின் ராகு காலம் முதல் உயிர்ப்புப் பெருவிழா வரை எல்லாம் அச்சில் இருக்கும். ஆனால் அந்தக் கட்டுகளை வண்டியில் ஏற்றும்போது எல்லாரும் அண்ணாந்து மேகத்தைப் பார்ப்பார்கள். அடுத்த வருடம் கைக்குள் இருக்கிறது, அடுத்த அரை மணி நேரம் இல்லை.

வெயிலும் மழையும் ஆள் பார்த்து வருவதில்லை என்று நம் ஆண்டவர் மலைப்பொழிவில் சொன்னார். நம் ஊர்க்காரர்கள் அதை மறுக்க மாட்டார்கள். "ஆள் பார்த்து வரலைதான் ஃபாதர். ஆனா நேரம் பார்த்து, சரியா நாங்க காயப்போட்ட பிறகு வருதே!" என்பார்கள்.

இப்படிக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் கவலை இல்லாதவர்களா? திருவிழாக்களுக்கெல்லாம் மகிழ்ச்சிச் சத்தம் செய்து அனுப்புகிற ஊரில், பகலில் காரணம் தெரியாமல் ஒரு சத்தம் கேட்டால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். அடுப்பில் பால் பொங்கினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மாலையில் ஆலை வண்டி பத்து நிமிடம் தாமதித்தால் பேச்சே நின்றுவிடும். அந்தப் பயத்தை மடியில் கட்டிக்கொண்டு மறுநாள் காலையிலும் வண்டியில் ஏறுகிறவர்கள்தான், போகிற வழியெல்லாம் ஒருவரை ஒருவர் கேலி செய்து சிரிக்கிறார்கள். அதை விளையாட்டுப் புத்தி என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது. 2018-ல் புனிதத்துவத்தைப் பற்றி எழுதிய மடலில், புனிதருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்று திருத்தந்தை பிரான்சிஸ் எடுத்துச் சொன்னார். புனித தாமஸ் மூரின் பெயரால் வழங்கும் ஒரு செபத்தையும் நமக்குப் பரிந்துரைத்தார். அந்தச் செபம் எதில் தொடங்குகிறது தெரியுமா? நல்ல செரிமானத்தில்! விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடுகிற நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சரி, மாமியார் மருமகள் வழக்குக்கு வருவோம். இப்படிப்பட்ட வீடுகளில் அவர்களே ஒரு சமரசம் பேசி வைத்திருப்பார்கள்: "ராத்திரி பெய்யட்டும், பகல்ல காயட்டும்." இருவரும் சேர்ந்து அதையே வேண்டிக்கொள்வார்கள். நல்ல தீர்ப்புதான். ஆனால் அதே தெருவில் ஓடு உடைந்த வீட்டில், ராத்திரி மழையென்றால் பாத்திரங்களை ஒழுகுகிற இடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தே விடிய வைக்கிற பாட்டி ஒருவர் இருப்பார். இந்த வாரம் அன்பியக் கூட்டத்தில் மழைக்கான மன்றாட்டைச் சொல்லும் முன்பு, நம் தெருவில் அப்படி எத்தனை கூரை என்று எண்ணிப் பார்த்துவிட்டு வருவோமா?