காவலுக்கு நிறுத்திய துப்பாக்கி யாரை நோக்கும்?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொரியாவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "ரேஷன் கார்டு விஷயத்தை விட்டுவிட்டு இது எதற்கு?" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. நியாயந்தான். ரேஷன் கார்டைப் பற்றிச் செயலாளர் பேசுவார். ஆனால் நம் குடும்பங்களில் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பியவர்கள் உண்டு. அந்தப் பிள்ளையின் கையில் உள்ள துப்பாக்கியை யார், எந்தப் பக்கம் திருப்புகிறார்கள் என்ற கேள்வி நம் கேள்விதான். கொரியா அந்தக் கேள்விக்கு மிகுந்த விலை கொடுத்த நாடு.

1945 ஆகஸ்டில், ஜப்பான் சரணடையவிருந்த நேரத்தில், வாஷிங்டனில் இரண்டு அமெரிக்க அதிகாரிகள் ஒரு படத்தை விரித்துவைத்து 38-ஆவது அட்சரேகையைப் பிடித்துக் கோடு போட்டார்கள். கொரியர் ஒருவரையும் கேட்கவில்லை. வடக்கே சோவியத் படை, தெற்கே அமெரிக்கப் படை. 1950 ஜூன் 25-இல் வடக்கின் படை கோட்டைத் தாண்டியது. மூன்றாண்டுப் போர், இலட்சக்கணக்கில் சாவு. 1953 ஜூலை 27-இல் போர்நிறுத்தம் கையெழுத்தானது. கவனியுங்கள், போர்நிறுத்தம்தான்; சமாதான உடன்படிக்கை இன்றுவரை இல்லை. சுமார் 250 கிலோமீட்டர் நீளம், 4 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை நிலத்தை நடுவில் விட்டு இரு பக்கமும் நிற்கிறார்கள். நாம் ஊரைவிட்டு வந்தவர்கள். நினைத்தால் ரயிலேறிப் போய்ப் பார்க்கலாம். அங்கே ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அண்ணனுக்கு ஒரு கடிதம் போட முடியாது.

அந்தப் போருக்கு நம்மவர் ஒருவரும் போனார். டாக்டர் ஏ. ஜி. ரங்கராஜ், பெயரின் முதலெழுத்திலேயே ஆற்காடு இருக்கிறது. இந்தியா சண்டைப் படை அனுப்பவில்லை, 60-ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவை அனுப்பியது. 1951 மார்ச்சில் முன்சான் பகுதியில் அமெரிக்கப் பாராசூட் படையினருடன் இந்தப் பிரிவைச் சேர்ந்த 12 பேரும் குதித்தார்கள். காயம்பட்டவனுக்குக் கட்டுப்போடவே குதித்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். சியோல் நகரம் எல்லைக்கோட்டிலிருந்து 50 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. ஆகவே அங்கே போர் என்றால் முதல் சில மணி நேரம்தான் எல்லாம். வடக்கிடம் சுமார் 2 இலட்சம் சிறப்புப் படையினர் இருப்பதாகத் தென்கொரியப் பாதுகாப்பு அமைச்சகம் கணக்கிட்டிருக்கிறது. சுரங்கம் தோண்டி வருவார்கள். 1974 முதல் 1990 வரை நான்கு சுரங்கங்களைக் கண்டுபிடித்தார்கள். குட்டி நீர்மூழ்கியில் வருவார்கள். பழைய ஏ.என்-2 என்ற இரட்டைச் சிறகு விமானத்தில் மலைக்கும் மரத்துக்கும் இடையே தாழப் பறந்து வருவார்கள்.

இதற்கு எதிராகத் தெற்கும் அமெரிக்காவும் சேர்ந்து தயாராகின்றன. 1961-இல் 'ஃபோல் ஈகிள்' என்று ஒரு பயிற்சி தொடங்கியது. முன்வரிசைக்குப் பின்னால் புகுந்துவிடும் எதிரியை எப்படிப் பிடிப்பது என்பதே அதன் முதல் பாடம். 1978-இல் கூட்டுப்படைத் தலைமையகம் வந்தது. போர் மூண்டால் அதன் தளபதியான அமெரிக்க ஜெனரலின் கட்டளைதான். 1988-இல் அமெரிக்கச் சிறப்புப் படைக்கென்றே கொரியாவில் ஒரு தலைமையகம் அமைத்தார்கள். கறுப்புத் தொப்பிக் கொரியனும் பச்சைத் தொப்பி அமெரிக்கனும் ஒன்றாகக் குதிக்கிறார்கள், ஒன்றாகப் பனிமலை ஏறுகிறார்கள். எதிரி நாட்டுக்குள் புகுந்து மறைந்திருந்து, ஏவுகணை வண்டி எங்கே நிற்கிறது என்று விமானத்துக்குக் காட்டிக்கொடுப்பது இவர்கள் வேலைகளில் ஒன்று. இவ்வளவு ஏற்பாடும் வேண்டாத வேலை என்று நான் சொல்லமாட்டேன். ஆபத்து மெய்யானது.

ஆனால் மெய்யாகவே ஆபத்து வந்தபோது முதலில் கண்டுபிடித்தது யார்?

1968 ஜனவரியில் வடக்கின் 31 கமாண்டோக்கள், அமெரிக்கப் படை காவல் காத்த பகுதியில் வேலியை வெட்டி நுழைந்தார்கள். அதிபர் பார்க் சுங் ஹீயைக் கொல்வதே நோக்கம். வழியில் விறகு வெட்டப் போன நான்கு சகோதரர்கள் எதிரே வந்துவிட்டார்கள். கமாண்டோக்கள் அவர்களைக் கொல்லவில்லை. உட்காரவைத்து அரசியல் வகுப்பு நடத்தி, "யாரிடமும் சொல்லாதே" என்று மிரட்டி அனுப்பிவிட்டார்கள். (வகுப்பு நடத்தியே காரியத்தைக் கெடுத்துக்கொள்ளும் இயக்கங்களை நாமும் பார்த்திருக்கிறோம்!) சகோதரர்கள் நேரே போய்த் தகவல் கொடுத்தார்கள். அப்படியும் கமாண்டோக்கள் அதிபர் மாளிகையின் பக்கம்வரை வந்துவிட்டார்கள். அங்கே அவர்களை மறித்து "யார் நீங்கள்?" என்று கேட்டு உயிரைக் கொடுத்தவர் ஒரு போலீஸ் அதிகாரி.

1996 செப்டம்பர். காங்னுங் கடற்கரையில் வடக்கின் நீர்மூழ்கி பாறையில் சிக்கியது. நள்ளிரவுக்குப் பின் சாலையோரம் சந்தேகமாக உட்கார்ந்திருந்த ஆட்களையும் கடலில் எதோ கிடப்பதையும் கண்டு சொன்னவர் ஒரு டாக்சி டிரைவர். வந்தவர்கள் 26 பேர். அவர்களைத் தேடி முடிக்க 49 நாள் ஆயிற்று. ஒருவன் உயிரோடு பிடிபட்டான், ஒருவன் என்ன ஆனான் என்றே தெரியவில்லை. விறகுவெட்டி, டாக்சி டிரைவர்; இப்படிப்பட்ட கண்கள் எந்தப் படை வரிசையிலும் இல்லை.

1968-க்குப் பதிலடி கொடுக்கத் தெற்கு என்ன செய்தது? சில்மிடோ என்ற தீவில் 31 பேரை இரகசியமாகக் கொண்டுபோய், வடக்கின் தலைவரைக் கொல்லப் பயிற்சி கொடுத்தது. நல்ல சம்பளம், எதிர்காலம் என்று ஆசைகாட்டிச் சேர்த்த ஏழை இளைஞர்கள். பயிற்சியிலேயே சிலர் செத்தார்கள். பிறகு அரசியல் காற்று மாறியது. அவர்களை ஏவவும் இல்லை, விடுவிக்கவும் இல்லை. 1971 ஆகஸ்டில் காவலர்களைக் கொன்றுவிட்டு, பஸ்ஸைக் கடத்திக்கொண்டு சியோலை நோக்கிக் கிளம்பினார்கள். பலர் அந்தப் பஸ்ஸிலேயே மாண்டார்கள். எஞ்சிய நால்வரை மறு ஆண்டு அரசே சுட்டுக் கொன்றது. ஆள்சேர்க்கும் ஏஜெண்டின் வாய்ச்சொல்லை நம்பி ஊரைவிட்டுப் போகும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

அடுத்து 1980 மே. குவாங்ஜு நகரம். ராணுவ ஆட்சியை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். வடக்கிலிருந்து வருபவனை எதிர்க்கவென்று வளர்த்த அதே சிறப்புப் பாராசூட் படையை சுன் டூ ஹ்வான் அந்த ஊர்மேல் ஏவினார். தடியாலும் துப்பாக்கிச் சனியனாலும் தாக்கினார்கள், பிறகு சுட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். இந்தப் படைப்பிரிவுகள் அப்போது கூட்டுத் தலைமையின் கட்டளையில் இல்லை என்று 1989-இல் அமெரிக்க அரசு அறிக்கை விட்டுக் கைகழுவியது. சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். சேர்ந்து பயிற்சி கொடுக்கும்போது நண்பன், சுடும்போது அயலானா?

44 ஆண்டு கழித்து, 2024 டிசம்பர் 3 இரவு, அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டம் அறிவித்தார். சிறப்புப் படையின் 707-ஆவது பிரிவு ஹெலிகாப்டரில் நாடாளுமன்ற வளாகத்தில் இறங்கியது. ஜன்னலை உடைத்து உள்ளே புகுந்தார்கள். ஊழியர்கள் மேசை நாற்காலியை வாசலில் அடுக்கித் தடுத்தார்கள். தீயணைப்புக் கருவியை எடுத்துப் பீய்ச்சினார்கள். வெளியே பொதுமக்கள் குவிந்தார்கள், அவர்களில் குவாங்ஜு நினைவோடு வந்த முதியவர்களும் உண்டு. உள்ளே 190 உறுப்பினர்கள் கூடி, ஓர் எதிர்ப்பு வாக்கும் இல்லாமல் ராணுவச் சட்டத்தை நிராகரித்தார்கள். உறுப்பினர்களை வெளியே இழுத்துப் போடும்படி தமக்கு உத்தரவு வந்தது என்று சிறப்புப் படையின் தளபதியே பின்னர் சாட்சியம் சொன்னார். அந்த உத்தரவு நிறைவேறவில்லை. அன்றிரவு ஒரு தோட்டாவும் மக்கள்மேல் பாயவில்லை. 1980-இல் போன வீரனும் 2024-இல் போன வீரனும் ஒரே பயிற்சி பெற்றவர்கள்தாம். இடையில் அந்த நாட்டு மக்கள் குவாங்ஜுவை மறக்க மறுத்தார்கள். தளபதிகளாக இருந்து அதிபரானவர்களைக் கூண்டில் ஏற்றினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த வரலாற்றைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

யூன் 2025 ஏப்ரல் 4-இல் அரசியல் சட்ட நீதிமன்றத் தீர்ப்பால் பதவியிழந்தார். அந்த ஜூலையில் நாடாளுமன்றம் ராணுவச் சட்ட விதிகளைத் திருத்தியது. சபாநாயகரின் அனுமதி இல்லாமல் ராணுவமோ போலீசோ இனி அந்த வாசலைத் தாண்டக் கூடாது. வடக்கெல்லையில் காவல் அப்படியே நிற்கிறது.