கொல்லைப்புறத்தில் சர்க்கரைவள்ளி



வைட்டமின் 'ஏ' குறைவினால் குழந்தைகள் பார்வை இழப்பதைத் தடுக்கும் தேசியத் திட்டம் 1970-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அப்பணியில் நம் வீட்டுக் கொல்லைக்கும் பங்குண்டு. ஆரஞ்சு நிறச் சதையுடைய சர்க்கரைவள்ளிக் கிழங்கில், உடலில் அவ்வைட்டமினாக மாறும் பீட்டா கரோட்டின் மிகுதி; வெண்ணிறக் கிழங்கிலோ மிகக் குறைவு. ஆகவே இரகம் அறிந்து கொடி வாங்குதல் வேண்டும். 1963-இல் திருவனந்தபுரத்தில் நிறுவப்பெற்ற மத்தியக் கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய இரகங்களை உருவாக்கியுள்ளது.

மண்ணைப் பொலபொலவெனக் கொத்தி, மக்கிய எருவிட்டு, இரண்டடி இடைவெளியில் பார் அமையுங்கள். ஒரு சாண் நீளக் கொடித்துண்டுகளை, நடுக்கணுக்கள் மண்ணுள் புதையுமாறு நடுங்கள். தழைச்சத்து மிகுந்தால் கொடிதான் படரும், கிழங்கு பருக்காது. படர்ந்த கொடி கணுதோறும் வேரூன்றாதபடி அவ்வப்போது தூக்கிவிடுங்கள். ஏறத்தாழ நான்கு மாதங்களில் கிழங்கு முற்றும்.

அவித்த கிழங்குடன் உணவில் சிறிது எண்ணெயும் சேர்ந்தால் அச்சத்து உடலில் நன்கு சேரும். அறுவடைக்குப்பின் கொடியை எறிந்துவிடாதீர்கள். அண்டை வீட்டாருக்கு வழங்குங்கள். விலையின்றிப் பரவும் விதை அதுவே.