உதவி நின்றால் உலை என்னாகும்?



2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. அதன் உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் அதே ஆண்டு ஜூலையோடு பணிகளை முடித்துக்கொண்டது. வாஷிங்டன் முடிவு கிள்ளானில் இருக்கும் நமக்கென்ன என்று நினைக்கலாம்.

வெளியார் தந்த உணவில் தமிழ்ப் பிள்ளைகளும் வளர்ந்ததுண்டு. காமராசரின் பள்ளி மதிய உணவுக்கு 1961 முதல் கேர் அமைப்பின் வழியாக அமெரிக்கப் பால் மாவும் எண்ணெயும் வந்தன. பின்னர் 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் அந்தச் செலவை மாநில அரசே ஏற்றது. செலவு தாங்காது என்று அன்று பலர் சொன்னார்கள். இன்று அமெரிக்கா கதவைச் சாத்தியபோதும் அந்தப் பிள்ளைகளின் தட்டு காலியாகவில்லை.

அகதி முகாம்களின் கதை வேறு. வங்காளதேசத்தின் காக்ஸ் பஜாரில் ரோஹிங்யா மக்களுக்கு உலக உணவுத் திட்டம் ஆளுக்கு மாதம் 12 டாலர் உணவுப்படி தந்து வந்தது. நிதி வராததால் 2023 மார்ச்சில் அது 10 டாலரானது, ஜூனில் 8 டாலரானது. நாளொன்றுக்கு 27 சென்ட்! பிரிக்பீல்ட்ஸ் கடையில் ஒரு தே தாரிக்கூட அந்தக் காசுக்குக் கிடைக்காது. 2024-இல் படி உயர்ந்தது. 2025 மார்ச்சில் 6 டாலராகக் குறையும் என்று அறிவித்தார்கள். கடைசி நேரத்தில் பணம் வந்து தப்பியது.

உதவிகளில் சில, சில மாதம் தாமதிக்கலாம். மெலிந்துபோன குழந்தைக்குக் கொடுக்கும் கடலைப் பசை ஆறு முதல் எட்டு வாரம் விடாமல் கிடைக்க வேண்டும். நடுவில் நின்றால் குழந்தை மறுபடி நோயில் விழும்.

நம் வாசலையும் பார்ப்போம். கோலாலம்பூர் மலிவு விலை அடுக்குமாடிகளில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 22 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியிருப்பதாக யுனிசெப் 2018-இல் சொன்னது. அவர்கள் பள்ளிக்குப் போனால் அரசின் ஆர்எம்டி உணவாவது உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் ரோஹிங்யா பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியும் இல்லை, அந்த உணவும் இல்லை. அவர்களின் கற்றல் மையங்கள் நன்கொடையில் ஓடுகின்றன.

நம் ஆலயங்களில் அன்னதானத்துக்குக் குறைவில்லை. பெருநாளில் ஒரு வேளை பிரியாணி அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. ஆலயக் கணக்கில் மாதந்தோறும் ஒரு தொகை ஒதுக்கி, அருகிலுள்ள ஒரு மையத்துக்குப் பள்ளி நாளெல்லாம் பிள்ளைக்கு ஒரு முட்டை அனுப்பலாமே. நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்தில் இதைப் பேச வேண்டுகிறேன்.