முதியோர் வைப்பும் கடன்முறியும்



உழைத்து ஓய்ந்தவர்க்கு அரசு வழங்கும் ஊதியம் ஈகையா, உரிமையா? இவ்வினா இன்று அமெரிக்க ஒன்றிய நாடுகளை உலுக்கி வருகின்றது.

1935 ஆகத்து 14ஆம் நாள் குடியரசுத் தலைவர் உரூசுவெல்ட்டு குமுகக் காப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். உழைப்பவர் கூலியில் ஒரு பங்கும், முதலாளியிடமிருந்து அதே அளவும் வரியாகத் தண்டப்படும். இன்று அது தலைக்கு 6.2 விழுக்காடு. வெர்மாண்டு மாநிலத்து ஐடா மே புல்லர் அம்மையார் செலுத்திய வரி மொத்தமும் 24.75 தாலர். 1940இல் அவர் பெற்ற முதல் திங்கள் ஊதியமே 22.54 தாலர்! நூறு அகவை வாழ்ந்து 22,888.92 தாலர் பெற்றார். அன்று அது இயன்றது. 1950இல் ஓய்வூதியர் ஒருவர்க்கு உழைப்பாளர் பதினாறு பேருக்குமேல் இருந்தனர். இன்று மூவர்கூட இல்லை.

1983இல் இரேகன் ஆட்சி வரியை உயர்த்தியது. ஓய்வு அகவையையும் 65இலிருந்து படிப்படியாக 67 ஆக்கியது. மிச்சம் குவிந்தது. அதனை நடுவணரசின் கடன்முறிகளிலேயே இடவேண்டும் என்பது சட்டம். அரசோ, பாட்டியின் சுருக்குப்பைக் காசை எடுத்துச் செலவிட்டுச் சீட்டெழுதி வைத்த பேரனைப் போல், அதனைத் தன் பிற செலவுகளுக்குக் கொண்டது. 2005இல் குடியரசுத் தலைவர் புசு அம்முறிகளை நேரிற் கண்டு, வைப்பென்று ஒன்றில்லை, கடன்சீட்டுகளே உள்ளன என்றார். அதே கருவூலத்தின் முறிகளைச் சப்பானும் சீனமும் வைத்துள்ளனவே. அவற்றையும் அப்படிச் சொல்வார் யார்?

2021 முதல் காப்பின் செலவு, வட்டியுட்பட்ட வருவாயை விஞ்சிவிட்டது. முறிகளை மாற்றிப் பணம் கேட்கவேண்டிய நிலை. 2024ஆம் நிதியாண்டில் மட்டும் ஏறத்தாழ 1.8 இலக்கம் கோடி தாலர் பற்றாக்குறை கண்ட அரசு, பிறரிடம் கடன் வாங்கியே இக்கடனைத் தீர்க்கின்றது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பவரையே கடனுக்குக் கரணியம் என்பது என்ன முறை?

ஆயினும் வைப்பு கரைவது மெய். முதியோர் வைப்பு 2033இல் தீரும். பின்னர் வரும் வரியைக் கொண்டு 77 விழுக்காடே வழங்க இயலும் என்பது அறங்காவலர்களின் 2025ஆம் ஆண்டுக் கணிப்பு. குறையை ஈடுகட்டக் கடன் வாங்கவும் சட்டம் இடந்தராது. வழக்காடவும் வழியில்லை, இவ்வூதியம் உடைமையுரிமை அன்று, பேராயம் அதனை மாற்றலாம் என 1960இலேயே உச்சநயமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

அகவையை இன்னும் உயர்த்துக என்பாரும் உளர். அதற்குமுன் வரியைப் பார்க்கட்டும். 2025இல் 1,76,100 தாலருக்கு மேற்பட்ட கூலிக்கு இவ்வரி கிடையாது. ஆண்டுக்குக் கோடி தாலர் சம்பளம் பெறுபவர் சனவரி முதற்கிழமையிலேயே கட்டி முடித்துவிடுகின்றார். அவர் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்குபவரோ திசம்பர் 31 வரை கட்டுகின்றார்.