பலகையைக் குத்தாக நிறுத்துவோம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாரியில் வயல் வாய்க்காலொன்றின் குறுக்கே வாலிபராகிய நாம் பாலம் அமைத்தோம். ஆறங்குல அகலமும் இரண்டங்குலத் தடிப்புமுள்ள பலகைகளைப் படுக்கையாக வைத்தோம். உர மூடையுடன் ஒருவர் கால் வைத்ததும் அவை தொய்ந்தன. பார்த்து நின்ற தச்சர் ஒருவர், "தம்பிமார், ரெண்டைக் குத்தா நிப்பாட்டி, மற்றதை வெட்டிக் குறுக்கே அடியுங்கோ" என்றார். செய்தோம், பாலம் உறுதியாய் நின்றது.

சடத்துவத் திருப்பம் என நாம் மனனஞ் செய்த கணக்கு அன்றுதான் விளங்கிற்று. பொருளின் அளவோடு, அது அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதும் இக்கணக்கிற் சேரும். தூரம் இருமடங்கானால் பயன் நான்கு மடங்காகும்.

பலகைக்கு அதன் வெட்டுமுகப் பரப்பைக் கொண்டு கணிக்கிறோம். உயரத்தை மும்முறை பெருக்கி, அகலத்தாற் பெருக்கி, 12ஆல் வகுத்தால், படுக்கையில் 4, குத்தாக 36. ஆகவே அதே பாரத்திற்குத் தொய்வு ஒன்பதிலொன்றாகும். முறியாது தாங்கும் பாரம் மூன்று மடங்காகும். ஆனால் குத்தாக நின்ற மரம் பக்கஞ் சாயாதிருக்க இடைக்கட்டை அவசியம். 2013ஆம் ஆண்டு கிளிநொச்சிக்கு மீண்ட புகையிரதத்தின் தண்டவாளமும் இதனாலேயே தலையும் பாதமுந் தடித்து, நடுவில் மெலிந்திருக்கிறது.

சுழலும் பொருளுக்குப் பாரத்தைக் கொண்டு கணிக்கிறோம். நாலடிப்பு முறையில் இயங்கும் ஒற்றை உருளை டீசல் யந்திரத்தில், இரு சுழற்சிக்கு ஒருமுறையே எரிபொருள் எரிந்து தள்ளுகிறது. எஞ்சிய வேளையில் யந்திரத்தை ஓடச்செய்வது பக்கத்திலுள்ள பாரச் சில்லு. அதன் பாரம் விளிம்பிற் குவிந்திருப்பது இதற்காகவே.

அன்பர்களே! 2009ஆம் ஆண்டின் பின் வன்னியிற் கூரைகள் பல எழுந்தன, இன்னும் எழவேண்டும். மரத்தை வீணாக்காமலும் கூரை தொய்யாமலும் அவை எழவேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரிற் பொறியியற் பீடம் இருக்கிறது. ஊரில் தச்சரும் இருக்கிறார். கணக்கில்லா அனுபவம் புதிய நீளத்திற்கு ஊகமாகும். அனுபவமில்லாக் கணக்கு வாய்க்காலில் விழும். நாம் விழப் பார்த்தோம்!

ஆகவே, கூரை போடவிருக்கும் குடும்பத்தார் அளவுகளைச் சங்கத்திற்குக் கொண்டுவரட்டும். நாம் கணக்கிட்டுத் தருவோம். பெரியோர்களே, மரம் வெட்டுமுன் நம் பிழைகளைத் திருத்துங்கள்.