தளம் பெயர்தலும் தமிழ் எழுத்தும்



மொழியியல் படித்த ஒருவன் கணினி இயங்குதளத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். நான் நிரல் எழுதுபவன் அல்லன். ஆயினும், பொறி ஒன்றிலிருந்து வேறொரு பொறிக்கு எழுத்து செல்லும்போது எது உடன் செல்கிறது, எது வழியில் உதிர்ந்துவிடுகிறது என்னும் வினா மொழியியலுக்கும் உரியதே. அவ்வினாவை முதலில் எதிர்கொண்டு, அதற்கு ஒழுங்கானதொரு முறையையும் கண்டவர்கள், திறந்த மூலநிரல் இயங்குதளங்களை வெவ்வேறு வன்பொருள்களுக்குக் கொண்டு சென்ற நிரலாளர்கள். அவர்களுடைய அனுபவத்தை முன்வைத்து நம் எழுத்தின் நிலையை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

ஆங்கிலத்தில் இப்பணியைப் 'போர்ட்டிங்' என்பர். துறைமுக நகரில் வாழும் நமக்கு அச்சொல் உடனே துறைமுகத்தை நினைவூட்டும். ஆனால், 'சுமத்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் அது. நிலையத்தில் சுமை தூக்குபவரைப் 'போர்ட்டர்' என்கிறோமே, அதற்கு உறவு. மொழிபெயர்ப்பு என்னும் தொடரை ஒட்டி நான் இதைத் 'தளப்பெயர்ப்பு' என வழங்குகிறேன். இதனினும் நல்ல சொல் உங்களிடம் இருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்பேன்.

யுனிக்ஸ் என்னும் இயங்குதளம் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றியது. முதலில் அது குறிப்பிட்ட ஒரு கணினியின் சொந்தக் குறியீட்டில் எழுதப்பட்டிருந்தது. அக்கணினி போனால் அதுவும் போகும். 1973இல் அதன் பெரும்பகுதி 'சி' என்னும் நிரல்மொழியில் திருத்தி எழுதப்பட்ட பிறகே வேறு பொறிக்குப் பெயர்வது இயலக்கூடியதாயிற்று. 1977இல் ஆஸ்திரேலியாவின் வொல்லொங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் அதனை இண்டர்டேட்டா 7/32 என்னும் கணினியில் இயங்கச் செய்தார்.

அக்காலத்துக் கதை ஒன்று நிரலாளரிடையே இன்றும் வழங்குகிறது. பிடிபி-11 கணினியில் பிறந்த யுனிக்ஸை வேறு பொறிக்குக் கொண்டு சென்றபோது, தன் பெயரைத் திரையில் காட்ட வேண்டிய அது 'நுக்சி' எனக் காட்டியதாம். ஆங்கிலத்தில் அப்பெயருக்கு நான்கு எழுத்துகள். இரண்டிரண்டாகச் சேர்த்து நினைவகத்தில் வைக்கும்போது ஒரு பொறி முன்னதை முன்னும், மற்றொன்று முன்னதைப் பின்னும் வைத்தது. எழுத்துகள் அனைத்தும் பத்திரமாக வந்து சேர்ந்தன. வரிசை மட்டும் மாறிவிட்டது. இவ்வேறுபாட்டைப் 'பைட்டு வரிசை' என்பர். முட்டையைப் பெருமுனையில் உடைப்பதா, சிறுமுனையில் உடைப்பதா என்று கலிவரின் பயணங்களில் இரு நாட்டார் போரிடுவார்கள். அதை நினைந்து 1980இல் டேனி கோகன் என்பவர் இவ்விரு வகைக்கும் பெருமுனை, சிறுமுனை எனப் பெயரிட்டார்.

1980களில் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் 'வொர்க்ஸ்டேஷன்' எனப்படும் பணிநிலையக் கணினிகள் பரவின. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1987இல் ஸ்பார்க் என்னும் செயலியை அறிவித்து, 1989இல் ஸ்பார்க்ஸ்டேஷன் 1 என்னும் தட்டையான பெட்டியை வெளியிட்டது. இதன் செயலி பெருமுனை வகையினது. வீட்டுக் கணினிகளிலிருந்த இன்டெல் செயலியோ சிறுமுனை வகை. மேலும் ஸ்பார்க் மிகக் கண்டிப்பானது. நான்கு பைட்டு நீளமுள்ள ஓர் எண், நான்கால் வகுபடும் முகவரியிலேயே தொடங்க வேண்டும். இல்லையேல் நிரல் அங்கேயே நின்றுவிடும். இன்டெல் இதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். ஆகவே, இன்டெலில் பல்லாண்டு குறையின்றி ஓடிய நிரல் ஸ்பார்க்கில் முதல் நிமிடத்திலேயே விழுவதுண்டு. பிழை புதிதாகத் தோன்றியதன்று. அது முன்பே இருந்தது. சொந்த ஊரில் அதைப் பிழையென்று சொல்ல ஆள் இல்லை. மாணவர்களே, உங்கள் வீட்டு வழக்கு எவ்வளவு வீட்டு வழக்கு என்பது வேறூர்த் தமிழரிடம் பேசும்போதுதானே தெரிகிறது!

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை அறிவித்தபோது, அது இன்டெல் 386 செயலியை ஒட்டி எழுதப்பட்டது, பிற பொறிகளுக்குப் பெயராது என்றே கூறினார். நான்கு ஆண்டுகள் கூட நிறையவில்லை. 1995 மார்ச்சில் வந்த 1.2 பதிப்பில் ஆல்ஃபா, மிப்ஸ், ஸ்பார்க் ஆகிய மூன்றுக்கும் இடமிருந்தது. ஸ்பார்க்குக்கான பணியை முன்னின்று செய்தவர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்த டேவிட் மில்லர் என்னும் இளைஞர். 1993இல் தொடங்கிய நெட்பிஎஸ்டி திட்டத்தாரோ இதனை ஓர் இலக்கணமாகவே வகுத்துக்கொண்டனர். பொறிக்குரிய நிரல் ஒரு பக்கம், பொறிசாரா நிரல் மறுபக்கம், இரண்டையும் கலக்கலாகாது. புதிய பொறி வந்தால் முதற்பகுதியை மட்டும் புதிதாக எழுதினால் போதும்.

நெட்பிஎஸ்டியின் அந்தப் பாகுபாட்டையே நான் நம் எழுத்தின்மேல் பொருத்திப் பார்க்க விரும்புகிறேன். தமிழ் எழுத்தைக் கணினியில் ஏற்றியபோது மொழிக்குரியது எது, பொறிக்குரியது எது என்று நாம் பிரித்தோமா? நெடுங்காலம் பிரிக்கவில்லை.

தேக்காவில், சிராங்கூன் சாலையையொட்டிய அச்சகங்களில் ஈய எழுத்துக் கோத்தவர்களை மூத்தோர் சிலர் கண்டிருப்பீர்கள். 'கொ' என்பதைக் கோக்கும்போது அவர் கை முதலில் ஒற்றைக்கொம்பை எடுக்கும், பிறகு ககரம், பிறகு கால். தட்டச்சுப் பொறியும் அவ்வாறே. தாளில் இடமிருந்து வலமாக எது முன்னே நிற்கிறதோ அது முன்னே வரும். கணினி வந்தபோது நம் எழுத்துருக்கள் அவ்வரிசையையே சேமிக்கும் வரிசையாகவும் கொண்டன. 1990களின் டிஸ்கி, தமிழ்நாட்டரசு 1999இல் அறிவித்த டாம், டாப் ஆகியவை அனைத்தும் அவ்வகையினவே. ஒருங்குறியோ ஒலிக்கும் முறைப்படி முதலில் ககரத்தையும் பின்னர் ஒகரக் குறியையும் வைக்கிறது. கொம்பை முன்னே கொண்டுவந்து காட்டுவது திரையின் வேலை. ஒரு கோப்பைப் பழைய முறையிலிருந்து புதிய முறைக்கு மாற்றுகையில் இவ்வரிசை தவறினால், கொம்பு அடுத்த எழுத்தின் தலையில் போய் ஏறும். இது நம்முடைய 'நுக்சி'.

இதனினும் நுட்பமானது ஒன்று. ஔகாரக் குறியின் வலப்பகுதிக்கும் ளகரத்துக்கும் பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஒரே வடிவம், ஒரே எண். கண்ணுக்கு வேறுபாடு இல்லை. படிப்பவர் இடம் நோக்கி அறிந்துகொண்டார். மாற்றி நிரலுக்கு அந்த அறிவு இல்லை. கொம்பு, தகரம், ளகர வடிவம் என வந்தால் 'தௌ' என்றே அது கொள்ளும். ஆகவே 'தெளிவு' என்னும் சொல் 'தௌிவு' என்று ஆகிவிடுகிறது. மாற்றப்பட்ட நூல்களில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தெளிவே தெளிவிழந்த இந்தக் கோலத்தைக் கண்டு முதலில் சிரிப்பு வரும். பின்னர், அகராதியிலும் தேடலிலும் அச்சொல் இனி அகப்படாது என்பது நினைவுக்கு வரும்.

பைட்டு வரிசைக்கே தமிழில் ஒரு சான்று காட்டுகிறேன். நம் ஊருக்கு மிகவும் பொருந்துவது. ஒருங்குறியில் ககரத்தின் எண் 2965. இரண்டு பைட்டுகளாகப் பிரித்தால் 11, 149. அதாவது 11ஐ 256ஆல் பெருக்கி 149ஐக் கூட்ட வேண்டும். வரிசையைத் தலைகீழாகப் படிக்கும் பொறி 149ஐ 256ஆல் பெருக்கி 11ஐக் கூட்டும். விடை 38155. அந்த எண்ணில் இருப்பது வாளின் முனையைக் குறிக்கும் ஒரு சீன எழுத்து! மகரத்தின் எண் 2990. அதைத் திருப்பினால் 44555, ஒரு கொரிய எழுத்து. நான்கு மொழிகளை அருகருகே எழுதும் சிங்கப்பூரில், பொறி தானாக மொழிபெயர்த்துவிட்டதோ என்று ஐயுறலாம். இத்தொல்லை எழாத முறையொன்றை 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்தனர். யுடிஎஃப்-8 எனப்படும் அதுவே இன்று இணையமெங்கும் வழங்குகிறது. 1969இல் யுனிக்ஸைத் தொடங்கியவரும் இதே தாம்சன்தான். அதற்கு நாம் கொடுக்கும் விலை, தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள். 'தமிழ்' என்னும் சொல்லில் உங்கள் மாணவர் மூன்று எழுத்து எண்ணுவார், ஒருங்குறி ஐந்து எண்ணும், பைட்டுகளோ பதினைந்து. மாணவர் எண்ணிக்கையே சரி.

இங்கே இலக்கணப் பூசல் ஒன்றையும் தொட வேண்டும். க் என்னும் மெய்யோடு அ சேர்ந்து க ஆகிறது என்பது நம் மரபு. ஒருங்குறி, இந்திய அரசின் இஸ்கி முறையைப் பின்பற்றி, கவோடு புள்ளி சேர்ந்து க் ஆகிறது எனக் கொள்கிறது. தேவநாகரியை மனத்திற்கொண்டு வகுத்த அடிப்படை நம்மீது வந்து அமர்ந்தது. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு, உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் டேஸ்-16 முறையையும் ஏற்றது. இலக்கண நோக்கில் இவர்கள் மனக்குறை நியாயமானதே. ஆயினும் இன்னொரு குறியாக்கம் வேண்டும் என்னும் கோரிக்கைக்கு நான் உடன்படவில்லை. சேமிக்கும் முறை பொறிப்பக்கத்துச் செய்தி, எண்ணுவதும் அகரவரிசைப்படுத்துவதும் எழுத்தெனக் காட்டுவதும் அதற்கு மேலுள்ள அடுக்கில் நம் இலக்கணப்படி நிகழ முடியும், நிகழ்கின்றன. நெட்பிஎஸ்டி நமக்குக் கற்பிக்கும் பாகுபாடு இதுவே.

சிங்கப்பூருக்கு இவ்வரலாற்றில் சிறப்பிடம் உண்டு. எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' மென்பொருளை உருவாக்கியவர். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றப்பட்டபோது தமிழும் தன் எழுத்திலேயே ஏறியது. 1997 மே மாதத்தில் 'தமிழ்நெட் 97' மாநாடு இங்கேதான் கூடியது. ஆளுக்கோர் எழுத்துரு, எழுத்துருவுக்கோர் எண்முறை என்றிருந்த நிலையை அனைவரும் ஒரே அரங்கிலிருந்து பேசத் தொடங்கிய இடம் அது. கோவிந்தசாமி 1999இல் மறைந்தார். அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் மீண்டும் கூடிய மாநாட்டில் 'உத்தமம்' அமைப்பு உருவாயிற்று.

வணிக நிறுவனங்களைப் பற்றிக் கசப்பாகப் பேச நான் விரும்பவில்லை. ஆனால், பணிநிலையக் கணினி விற்றவர்களுக்குத் தமிழ் ஒரு சந்தையாகத் தெரிந்திருக்க வழியில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சன் நிறுவனமே 2010இல் ஆரக்கிளுக்குள் அடங்கியது. ஆல்ஃபாவைச் செய்த டிஜிட்டல் நிறுவனம் 1998இலேயே காம்பாக்கிடம் போய்விட்டது. ஜாலான் புசாரை அடுத்திருந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில், 2017இல் அது மூடப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன், சன் விசைப்பலகை ஒன்று செருப்புகளுக்கும் கைக்கடிகாரங்களுக்கும் நடுவே கிடந்ததைக் கண்டேன். அந்தப் பழைய ஸ்பார்க் பெட்டிகளில் நெட்பிஎஸ்டி இன்றும் இயங்குகிறது. மூலநிரல் திறந்திருந்ததால், செய்தவர் கைவிட்ட பொறியையும் வேறு சிலர் பேண முடிந்தது. லினக்ஸின் திரைமுகப்புகளைத் தமிழில் ஆக்கிய தன்னார்வலர்களும் எவரிடமும் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை.

இப்போது இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் தயாரித்த பயிற்றுத்தாள், நாடகப் பிரதி, சிறுகதை ஆகியவற்றை நெகிழ்வட்டுகளில் வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு சொல். அவற்றுள் பல எங்கும் அச்சேறாதவை. வட்டைப் படிக்கும் கருவி கிடைத்துவிடும். எழுத்துரு கிடைக்காவிட்டால் கோப்பு இருந்தும் பயனில்லை. ஆதலால் கோப்போடு அதன் எழுத்துருவையும் சேர்த்துப் படியெடுங்கள். மாற்றிய பின் மூலக்கோப்பை அழித்துவிடாதீர்கள். இன்றைய மாற்றி செய்த பிழையை நாளைய மாற்றி திருத்துவதற்கு அது வேண்டும். சோதித்துப் பார்க்கச் சில சொற்களைத் தருகிறேன்: தெளிவு, பௌர்ணமி, வௌவால், கொடை, கோடை, வெள்ளம். இவ்வாறும் பிழையின்றி வந்தால் பெரும்பாலும் மற்றவையும் வந்திருக்கும். எண்களையும் பாருங்கள், தமிழ்நாட்டு வழக்கில் அமைந்த தமிழ் மென்பொருள் ஓர் இலட்சத்தை 1,00,000 எனப் பிரிக்கும், நம் ஊர் வழக்கோ 100,000 என்னும். வட்டின் மேலுறையில் ஆண்டை எழுதும் வழக்கம் பலரிடம் உண்டு. அதனருகே எழுத்துருவின் பெயரையும் எழுதி வையுங்கள்.